ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து

வாக்களிப்பதற்கான நாள்களைக் கூட்டினால் வாக்களிப்போரின் எண்ணிக்கையும் தானாகக் கூடும் என்பது கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்ளத் தோன்றும் கணக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாக மாநிலம் மாநிலமாக இந்தக் கணக்கு போட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. கிடைத்த விடையோ எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. கதவு திறந்திருக்கும் நேரம் நீண்டதால் மட்டும் புதிதாக ஆள்கள் உள்ளே வந்துவிடவில்லை என்பதையும், தெரிந்த ஒருவர் வந்து அழைத்த இடங்களில்தான் அந்தக் கூடுதல் நாள்களுக்குப் பொருள் ஏற்பட்டது என்பதையும் அந்நாட்டின் தேர்தல் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அங்கே அதிபர் தேர்தலுக்குரிய நாளை 1845இல் இயற்றப்பட்ட சட்டம் நிர்ணயித்தது. நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை என்ற அந்த வரையறைக்குப் பின்னால் ஓர் உழவர் சமூகத்தின் நாட்காட்டி இருந்தது: அறுவடை முடிந்திருக்கும், கடும் பனி வந்து பாதைகளைக் கெடுத்திருக்காது, ஞாயிறு தொழுகைக்கு உரியது, புதன் பல ஊர்களில் சந்தை கூடும் நாள், குதிரை வண்டியில் புறப்பட்டு வாக்களிக்கும் ஊருக்கு வந்துசேர இடையில் ஒரு நாள் வேண்டும். குதிரை வண்டிகள் மறைந்த பின்னும் செவ்வாய்க்கிழமை நிலைத்துவிட்டது. நாடு முழுமைக்குமான பொது விடுமுறையாக அந்நாள் அறிவிக்கப்படாததால், மணிக்கணக்கில் கூலி பெறும் கிடங்குத் தொழிலாளிக்கும், பகலில் ஒரு வீட்டிலும் இரவில் இன்னொரு வீட்டிலும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கும் வாக்கு என்பது அன்றைய கூலியில் ஒரு பகுதியை இழப்பதாகவும் அமைந்துவிடுகிறது.

இந்த முட்டுக்கட்டையை நீக்க வந்ததே முன்கூட்டிய வாக்களிப்பு. தேர்தல் நாளுக்குப் பல நாள்கள் முன்னதாகவே, நோய், வெளியூர்ப் பயணம் என்று எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லாமல், அதற்கென அமைக்கப்பட்ட வாக்குச்சாவடிக்கு நேரில் சென்று வாக்களிப்பதை இச்சொல் குறிக்கிறது; தபாலில் வரும் வாக்குச்சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்புவது அதன் உடன்பிறப்பு. 1980களின் பிற்பகுதியில் டெக்சாஸ் முதல் வகையைப் பரவலாக்கியது. ஆரெகன் மாநிலம் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலை முழுக்க முழுக்கத் தபால் வழியாகவே நடத்தியது. கொரோனா தொற்றுக் காலத்தில் நடந்த 2020 தேர்தலில், இரு வழிகளிலுமாகத் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். தகுதியுள்ளோரில் ஏறத்தாழ 66 சதவீதத்தினர் வாக்களித்த அத்தேர்தல், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் அந்நாடு கண்ட உச்ச வாக்குப்பதிவாக அமைந்தது.

இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது எளிது. ஆனால் ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதில் வரவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வாக்களிக்கும் நாளிலேயே பெயரைப் பதிவு செய்துகொள்ளும் வசதி போன்ற பிற ஏற்பாடுகள் இல்லாமல் முன்கூட்டிய வாக்களிப்பு மட்டும் தனியாக இருந்த மாநிலங்களில் வாக்குப்பதிவு கூடுவதற்குப் பதிலாகச் சிறிது குறைந்திருந்ததைக் கண்டது. ஆடம் பெரின்ஸ்கி என்னும் அரசியல் அறிஞர் 2005இலேயே இதற்கு இணையான ஒன்றைச் சொல்லியிருந்தார்: வாக்களிப்பதை எளிதாக்கும் சீர்திருத்தங்களால் பெரிதும் பயனடைவோர், எப்படியும் வாக்களிக்கும் எண்ணமும் ஓரளவு வசதியும் உள்ளவர்களே, வராமலே இருந்தவர்கள் பெரும்பாலும் வராமலே இருந்துவிடுகிறார்கள்.

இதற்கான காரணத்தை யூகிப்பது கடினமன்று. தேர்தல் நாள் என்பது ஒரு தேதி மட்டுமல்லாமல் ஊர் முழுவதும் ஒரே வேலையாக இருக்கும் ஒரு நிகழ்வுமாகும். பக்கத்து வீட்டார் கிளம்புவதைப் பார்ப்பதும், அலுவலகத்தில் ஒருவரையொருவர் 'போட்டாயிற்றா' என்று கேட்பதும், தொலைக்காட்சி காலையிலிருந்தே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதும் சேர்ந்து, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தவரைக்கூடச் செருப்பை மாட்ட வைத்துவிடும். அந்த ஒரு நாளை இரண்டு மூன்று வாரங்களாக நீட்டும்போது அந்த நெருக்குதல் நீர்த்துப்போகிறது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று விடப்பட்ட வேலை எத்தனை வீடுகளில் எந்தக் கதிக்கு ஆளாகிறது என்பதை மின்கட்டண ரசீதின் கடைசி நாள் வரிசைகள் சொல்லும்.

நீர்த்துப்போன அந்த உந்துதலை எதைக் கொண்டு ஈடுசெய்வது என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சி முன்கூட்டிய வாக்களிப்பைவிடப் பழையது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் கோஸ்னெல் 1924இல் ஏறக்குறைய 6,000 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பெயரைப் பதிவு செய்யும்படியும் வாக்களிக்கும்படியும் நினைவூட்டும் அஞ்சல்களை அனுப்பிப் பார்த்தார். குடியேறியோர் நிறைந்த நகரம் என்பதால் போலிஷ், செக், இத்தாலிய மொழிகளிலும் அவை அச்சிடப்பட்டன. அஞ்சல் பெற்றோரிடையே பதிவும் வாக்களிப்பும் கூடின. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1998இல், யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரது வீட்டுக் கதவைத் தட்டியும், சிலருக்குத் தபால் அனுப்பியும், சிலரைத் தொலைபேசியில் அழைத்தும் ஒப்பிட்டனர். நேரில் வந்து பேசியதன் பலன் கணிசமாக இருந்தது. தபாலின் பலன் சிறிது. வணிக அழைப்பு மையங்களிலிருந்து ஒப்பித்த குரலில் வந்த தொலைபேசி அழைப்பால் குறிப்பிடத்தக்க பலன் ஏதும் தென்படவில்லை. செலவு குறைவு என்பதற்காகவே தேர்தல் பிரசாரங்கள் எதை அள்ளி அள்ளிப் பயன்படுத்தி வந்தனவோ அதுவே மிகக் குறைவாக வேலை செய்தது.

இந்த வரிசையில் வந்த இன்னொரு சோதனை வாசகரைச் சற்றே நெளிய வைக்கக்கூடியது. அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். வாக்களித்தாரா இல்லையா என்பது பொதுப் பதிவு. 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு முன், 1,80,000 குடும்பங்களை உள்ளடக்கிய ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அவர்களும் அவர்களுடைய தெருவாசிகளும் கடந்த தேர்தல்களில் வாக்களித்தார்களா என்ற பட்டியலை அச்சிட்டு அனுப்பி, தேர்தலுக்குப் பின் புதிய பட்டியல் ஒன்றும் வரும் என்று தெரிவித்தார்கள். எந்த அஞ்சலும் பெறாதவர்களில் சுமார் 30 சதவீதத்தினரும் இந்த அஞ்சலைப் பெற்றவர்களில் சுமார் 38 சதவீதத்தினரும் வாக்களித்தனர். ஊர் வாய்க்கு அஞ்சுவது என்று தமிழில் சொல்லப்படும் அந்த உணர்வுக்கு எட்டு சதவீதப் புள்ளி எடை இருப்பதை இது காட்டுகிறது என்றாலும், மானத்தைத் தொட்டு வாக்குக் கேட்கும் இந்த வழியைப் பொதுக் கொள்கையாக்குவது பண்பாகாது. இந்தியாவில் யார் வாக்களித்தார்கள் என்ற குறியிட்ட பட்டியல் தேர்தலுக்குப் பின் முத்திரையிட்டு வைக்கப்படுவது இந்த வகையில் ஒரு நல்ல ஏற்பாடு.

முன்கூட்டிய வாக்களிப்புக்கு நேரடியாகப் பொருந்துவது 2008இல் பென்சில்வேனியாவில் செய்யப்பட்ட சோதனை. அங்கே தொலைபேசியில் அழைத்தவர்கள் வாக்களிக்குமாறு கேட்டதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று மூன்று சாதாரணக் கேள்விகளைச் சேர்த்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டோரிடம் வாக்களிப்பு சுமார் நான்கு சதவீதப் புள்ளியும், ஒரே ஒரு வாக்காளர் மட்டும் உள்ள வீடுகளில் சுமார் ஒன்பது சதவீதப் புள்ளியும் உயர்ந்தது. பலர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விகளை யாராவது ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிடுகிறார்; தனியாக இருப்பவருக்குத்தான் கேட்க ஆளில்லை. பதினைந்து நாள்களில் எந்த நாள் என்று முடிவு செய்ய வைப்பதே முன்கூட்டிய வாக்களிப்பில் ஊருக்குள் இறங்கி வேலை செய்வோரின் பாதி வேலை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டுவதற்கு வெகு காலம் முன்பே இதை அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தவர்கள் தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரை ஒட்டிய ஜான்ஸ் தீவில் வாழ்ந்த ஈசா ஜென்கின்ஸ், தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போவோரை ஏற்றிச் செல்லும் பேருந்து ஒன்றை நடத்தி வந்தார். வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரியின் முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற எழுத்தறிவுத் தேர்வு அப்போது நடைமுறையில் இருந்தது. கல்வி மறுக்கப்பட்டவர்களை வாக்கிலிருந்தும் விலக்கி வைக்க அதுவே போதுமானதாக இருந்தது. ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதியைப் பயணிகளுக்குப் பேருந்திலேயே கற்றுக்கொடுத்தார். போகும் வழியும் திரும்பும் வழியும் வகுப்பு நேரமாயின.

பேருந்து போதாமல் போனபோது 1957 ஜனவரியில் தீவில் ஒரு பள்ளி தொடங்கியது. செப்டிமா கிளார்க், கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த காரணத்துக்காக அதற்கு முந்தைய ஆண்டு ஆசிரியப் பணியை இழந்தவர். அவரும் ஜென்கின்ஸும் டென்னசியின் ஹைலேண்டர் மக்கள் பள்ளியின் உதவியோடு ஒரு கட்டடத்தை வாங்கி, முன்புறத்தில் கூட்டுறவு மளிகைக் கடையை நடத்தினார்கள். பின்புற அறைகளில் நடந்த வகுப்பு வெள்ளையரின் கண்ணில் படாமலிருக்க அந்தக் கடையே திரையாக இருந்தது. ஆசிரியராக அமர்த்தப்பட்ட பெர்னிஸ் ராபின்சன் தலைமுடி அலங்காரம் செய்து பிழைத்தவர், கற்பித்தலில் பயிற்சி ஏதும் பெறாதவர். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதே அதற்காகத்தான் என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள் என்பதால் அவரை வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் எந்த வெள்ளை முதலாளிக்கும் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியரின் தோரணையும் அவரிடம் இல்லை. முதல் நாள் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். கையோடு கொண்டுவந்திருந்த சிறுவர் பாடநூல்களை ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டார் ராபின்சன். பெயரைக் கையெழுத்திட, விவிலியம் வாசிக்க, பணவிடைப் படிவம் நிரப்ப என்று விடைகள் வந்தன. எழுத்தறிவுத் தேர்வுக்கான பாடம் இந்தத் தேவைகளின் ஊடாகவே நடந்தது.

இந்த முறை குடியுரிமைப் பள்ளிகள் என்ற பெயரில் 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பின் பொறுப்புக்கு வந்து, தென் மாநிலங்கள் எங்கும் பரவியது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறி எழுத்தறிவுத் தேர்வுகள் நிறுத்தப்பட்டபோது, மிசிசிப்பியில் 7 சதவீதத்தைக்கூட எட்டாதிருந்த கறுப்பின வாக்காளர் பதிவு இரண்டு ஆண்டுகளுக்குள் 60 சதவீதத்தை நெருங்கியது. இந்தப் பாய்ச்சலைச் சட்டத்தின் வெற்றியாக மட்டும் பேசுவது வழக்கம்; சட்டம் பூட்டைத் திறந்த நாளில் வாசலில் காத்திருக்கும்படி மக்களைப் பழக்கி வைத்திருந்தவை மளிகைக் கடைப் பின்னறைகளும் தேவாலயக் கூடங்களும் ஆகும்.

முன்கூட்டிய வாக்களிப்பு வந்தபோது இந்தப் பழைய மரபு அதனோடு இணைந்துகொண்டதில் வியப்பில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கறுப்பினத் தேவாலயங்களின் சபையார், உடுத்தி வந்த நல்லுடையோடு அப்படியே பேருந்துகளில் ஏறி வாக்குச்சாவடிக்குச் செல்லும் வழக்கம், 'ஆன்மாக்கள் வாக்குச்சாவடிக்கு' என்று பொருள்படும் பெயரில் பல மாநிலங்களில் வேரூன்றியது. வரிவிலக்குப் பெறும் சமய நிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது என்று 1954இல் வரிச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டதால், போதகர் பெயர் சொல்லி வாக்குக் கேட்பதில்லை. வாக்களிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை தயாராக இருப்பதைக் கவனிக்கலாம்: ஆராதனை முடிந்தவுடன், தேவாலய வாசலிலிருந்து, அதற்கு முன் எல்லாரோடும் சேர்ந்து ஆராதனையில். நீண்டுபோன காலத்தால் நீர்த்துப்போன திருவிழாத் தன்மை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மீண்டும் திரண்டுவிடுகிறது.

அது எவ்வளவு வலுவாகத் திரண்டது என்பதை அறிய, சட்டமன்றங்கள் எந்த நாளில் கை வைத்தன என்பதைப் பார்த்தாலே போதும். புளோரிடா 2011இல் முன்கூட்டிய வாக்களிப்பை 14 நாள்களிலிருந்து 8 நாள்களாகக் குறைத்தபோது, தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையையும் நீக்கியது. 2008இல் கறுப்பின வாக்காளர்கள் தம் மக்கள்தொகை விகிதத்தைக் காட்டிலும் வெகு அதிகமாகத் திரண்ட நாள் அதுவே. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் மயாமி பகுதியில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களுள் ஒருவரான 102 வயது மூதாட்டியை அதிபர் ஒபாமா 2013 பிப்ரவரியில் நாடாளுமன்ற உரையின்போது சுட்டிக்காட்டினார். அதன் பின் அமைக்கப்பட்ட இருகட்சி ஆணையம், எந்த வாக்காளரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்ற அளவுகோலை முன்வைத்தது. புளோரிடாவும் நீக்கிய நாள்களில் பலவற்றை உள்ளூர் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விட்டுத் திருப்பித் தந்தது.

வட கரோலினாவின் கதை இன்னும் வெளிப்படையானது. வாக்களிப்பில் இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் செயலிழக்கச் செய்தது. சில வாரங்களிலேயே அம்மாநிலம் முன்கூட்டிய வாக்களிப்பை 17 நாள்களிலிருந்து 10 நாள்களாகக் குறைத்து, அதே நாளில் பதிவு செய்யும் வசதியையும் நீக்கியது. ஞாயிறு வாக்களிப்பு நடந்த கவுன்ட்டிகளில், அதாவது நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாக அலகுகளில், கறுப்பின மக்கள் மிகுதி என்றும் அவர்கள் ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தவர்கள் என்றும் மாநில அரசே தன் வாதத்தில் குறிப்பிட்டிருந்தது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தின் பிரிவுகளை நீக்கியபோது, அறுவைச் சிகிச்சைக்கு நிகரான துல்லியத்தோடு அவை கறுப்பினத்தாரைக் குறிவைத்ததாகச் சாடியது.

ஜார்ஜியா 2021இல் இயற்றிய சட்டத்தின் முதல் வரைவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுப்பாடு இருந்தது. எதிர்ப்புக்குப் பின் இரண்டு ஞாயிறுகள் கவுன்ட்டிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டன. ஆனால் வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள்ளோ வரிசையில் நிற்பவரிடமிருந்து 25 அடிக்குள்ளோ வெளியார் எவரும் உணவும் தண்ணீரும் வழங்கக் கூடாது என்ற பிரிவு நின்றது. அதன் இரண்டாம் பாதியைப் பின்னர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதே மாநிலத்தில் 2022இலும் 2024இலும் முன்கூட்டிய வாக்குகள் புதிய உச்சங்களைத் தொட்டதைச் சட்டத்தை ஆதரித்தோர் தம் தரப்புச் சான்றாக முன்வைத்தனர். அந்த வாதம் முழுவதும் தவறு என்று தள்ளிவிட முடியாது. தடை வந்தபோதெல்லாம் தேவாலயங்களும் தன்னார்வ அமைப்புகளும் இரு மடங்கு வேலை செய்தன என்பதையும் சேர்த்தே அந்த எண்களை வாசிக்க வேண்டும். தவிர, இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய சொத்தும் இல்லை. 2020இல் தபால் வாக்கைக் கடுமையாகத் தாக்கிய குடியரசுக் கட்சி, 2024இல் தன் ஆதரவாளர்களை முன்கூட்டியே வாக்களிக்கும்படி வற்புறுத்தியது.

கட்சிகளுக்கு இதில் உள்ள ஆதாயம் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாக இராது. வாக்குச்சாவடிக்குள் அமர்ந்திருக்கும் பூத் ஏஜென்ட் பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டே வர, மதியத்துக்கு மேல் வராதவர்களின் வீட்டுக்குக் கட்சிக்காரர் போய் நிற்பது இங்கே ஒரு பகல் பொழுதுக்குள் முடிந்துவிடும் வேலை. அமெரிக்காவில் முன்கூட்டி வாக்களித்தோரின் பட்டியல் அவ்வப்போது வெளியாவதால், அதே வேலை வாரக்கணக்கில் நடக்கிறது. வாக்களித்தவரின் பெயர் நீக்கப்பட்டு, எஞ்சியோர் வீட்டுக் கதவு மட்டும் தட்டப்படுகிறது. வேறுபாடுகளும் சிறியவை அல்ல. வாக்காளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து அங்கே குடிமைத் தொண்டாக மதிக்கப்பட, இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு வேட்பாளர் தரப்பு இலவச வாகனம் அமர்த்துவதை ஊழல் நடவடிக்கை என்று வகைப்படுத்துகிறது. ஏற்றிச் செல்பவர் யார் என்பதில் இரு நாடுகளுக்கும் இருந்த அனுபவம் வேறு வேறாக இருந்திருக்கிறது. காசும் கவரும் எந்த வழியாக வருகின்றன என்பதை அறிந்தவர்கள் அந்தப் பிரிவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பட்டியலில் பெயர் சேர்ப்பதைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் அளிக்கும் இந்திய ஏற்பாடு, அமெரிக்க வாக்காளர் படும் பாட்டில் பாதியைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுகிறது. அப்படியிருந்தும் 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 70 சதவீதத்தை நெருங்க, மத்திய சென்னையில் அது 54 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கோலப் போட்டி, மனிதச் சங்கிலி, நடிகர் தோன்றும் விளம்பரம் என்று அலுவலகத்திலிருந்து புறப்படும் விழிப்புணர்வு, அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியைத் தாண்டுவதில்லை. நியூ ஹேவனில் தோற்றுப்போன அழைப்பு மையத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

முன்கூட்டிய வாக்களிப்புக்கு இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவு, 85 வயதைக் கடந்தோருக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத உடற்குறை உள்ளோருக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கத் தரப்பட்டிருக்கும் வசதி. அங்கே சபை கூடிச் சாவடிக்குப் போகிறது. இங்கே சாவடியே மறைப்பு அட்டையோடும் வீடியோ எடுப்பவரோடும் படியேறி வருகிறது. அதற்கு முன், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் 12டி என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் அதைக் கொண்டுவரும் அந்த நாளில், பேரன் வேலைக்குப் போயிருந்தாலோ, எழுத்துக்கூட்டிப் படிப்பவர் எவரும் பக்கத்தில் இல்லையென்றாலோ, மூத்தவர் அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடக்கூடும். படிவம் ஏற்கப்பட்டவர் பிறகு சாவடிக்குச் சென்று வாக்களிக்க முடியாது. வாக்குப்பதிவுக் குழு முதல் முறை வரும்போது அவர் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வரும். அப்போதும் கதவு பூட்டியிருந்தால் மூன்றாவது வருகை கிடையாது.